சிபேனல் ஃபார்வர்டர்கள்: படிவத்தின் இரண்டு கட்டங்களை நிரப்பிய பிறகு நடப்பவை

சொந்த டொமைனில் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும், ஆனால் அதற்காக இன்னொரு அஞ்சல்பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கும் வேலை வேண்டாம் என்று நினைக்கும் சிறு நிறுவனங்களும் தனிநபர்களும் முதலில் நாடுவது, வரும் மடலை ஏற்கெனவே உள்ள வேறொரு முகவரிக்குத் தானாக அனுப்பிவிடும் ஃபார்வர்டு முகவரியைத்தான். ஒரே சர்வரைப் பல இணையதளங்கள் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வசதி சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் வழியாகவே கிடைக்கிறது. 1996 முதல் இருந்துவரும் இந்த மென்பொருள், ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கான உரிமக் கட்டணத்தை 2019-இல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியபோது பெரும் அதிருப்தி எழுந்தது. ஆனாலும் அதன் இடம் பெரிதாக அசையவில்லை. வாடிக்கையாளர்கள் சிலரின் இணையதளங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த வசதியை அன்றாடம் பயன்படுத்திவருகிறேன். ஃபார்வர்டரை உருவாக்குவதற்குச் சிபேனல் தரும் வசதி மிக நன்று. உருவாக்கியதைப் பேணுவதற்குத் தரும் வசதி மிகக் குறைவு. மடல் உண்மையில் போய்ச் சேருமா என்பதோ பெருமளவு பயனரின் கையிலேயே இல்லை. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

உருவாக்கும் திரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. மின்னஞ்சல் பிரிவில் ஃபார்வர்டர்ஸ் என்பதைத் திறந்து, முகவரியின் முன்பகுதியைத் தட்டச்சு செய்து, டொமைனைத் தேர்ந்தெடுத்து, எங்கே போக வேண்டும் என்பதை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே முகவரிக்கு வரும் மடல் இரண்டு மூன்று பேருக்குப் போக வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபார்வர்டர் சேர்த்தால் போதும். அனுப்பியவருக்குப் பிழைச்செய்தி கொடுத்து மடலை வாசலிலேயே மறுப்பது, மடலைச் சர்வரில் உள்ள ஒரு நிரலுக்கு நேரடியாகக் கொடுப்பது, சத்தமில்லாமல் குப்பையில் போடுவது ஆகிய தேர்வுகளும் அதே திரையில் உள்ளன. கடைசியாகச் சொன்னதைச் சிபேனலே பரிந்துரைப்பதில்லை. அது சரிதான், ஏனெனில் அனுப்பியவர் தம் மடல் சேர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். மூடிவிட்ட பிரிவுகளின் முகவரிகளுக்கும், பணியிலிருந்து விலகியவர்களின் முகவரிகளுக்கும் முதலாவது தேர்வே பொருத்தம். பிழைச்செய்தியின் வாசகத்தை நாமே எழுதலாம் என்பதால், இனி எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதையும் அதிலேயே தெரிவித்துவிடலாம்.

திரைக்குப் பின்னால் நடப்பதும் சிக்கலானதல்ல. சிபேனல் சர்வர்களில் மடல்களைக் கையாளும் மென்பொருள் எக்ஸிம். 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் எழுதத் தொடங்கியது அது. ஒவ்வொரு டொமைனுக்கும் வேலியாசஸ் என்ற அடைவில் ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும். இடப்பக்கம் முகவரி, நடுவே முக்காற்புள்ளி, வலப்பக்கம் போய்ச் சேர வேண்டிய இடம். ஒரு வரிக்கு ஒரு முகவரி. மேலே சொன்ன திரை செய்வதெல்லாம் இந்தக் கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பதும் எடுப்பதும்தான்.

குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இருக்கும் ஃபார்வர்டரைத் திருத்துவதற்கு வழி இல்லை. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தடம்பார்க்க ஒரு பொத்தானும் நீக்க ஒரு பொத்தானும் மட்டுமே இருக்கின்றன. சேரும் முகவரியில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். பழையதை முதலில் நீக்கினால் இடைப்பட்ட நேரத்தில் வரும் மடல் தவறிப்போகலாம் என்பதால், புதியதை முதலில் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குவதே பாதுகாப்பான வரிசை. யார் கேட்டு, எதற்காக, எப்போது சேர்த்தோம் என்று குறித்துவைக்கவும் இடம் இல்லை. ஐந்தாறு ஃபார்வர்டர்கள் இருக்கும்வரை இது ஒரு பொருட்டல்ல. ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஐம்பது அறுபது முகவரிகள் சேர்ந்த பிறகு, அந்தப் பட்டியலில் எது உயிரோடு இருக்கிறது, எது பயனற்றது என்று சொல்ல ஆளே இருப்பதில்லை.

இதைவிடக் கவலைக்குரியது, சேரும் முகவரியின் உரிமையாளரிடம் சிபேனல் ஒப்புதல் கேட்பதில்லை என்பது. ஜிமெயில் என்பதில் ஓர் எழுத்து இடம் மாறிவிட்டாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட பிழை எழுத்துகளில் டொமைன்களை வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், கடையின் கொள்முதல் விவரங்கள் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர ஒரே ஒரு விரல் பிசகு போதும் என்பது விளங்கும். ஓர் உறுதிப்படுத்தும் மடலை அனுப்பி, இணைப்பைச் சொடுக்கிய பிறகே ஃபார்வர்டரை இயக்கும் முறையை இவ்வளவு முதிர்ந்த ஒரு மென்பொருளில் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

அமைத்த பிறகு சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. தம் ஜிமெயிலிலிருந்தே புதிய முகவரிக்கு ஒரு மடல் அனுப்பி, அது அதே ஜிமெயிலுக்குத் திரும்பி வருகிறதா என்று காத்திருப்பதுதான் எல்லோரும் செய்வது. அது இன்பாக்ஸில் தோன்றாது. அனுப்பிய மடலும் திரும்பி வந்த மடலும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால், ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் மடலின் நகல் என்று ஜிமெயில் அதை ஒதுக்கிவிடுகிறது. ஃபார்வர்டர் வேலை செய்யவில்லை என்று ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பவர்களில் பலரின் புகார் இதுவாகத்தான் இருக்கும். வேறொரு கணக்கிலிருந்து அனுப்பிப் பார்ப்பதும், அதையும் நம்பாவிட்டால் சிபேனலின் டிராக் டெலிவரி பகுதியில் அந்த மடலின் பயணத்தைப் பார்ப்பதும் சரியான வழி. எந்த நேரத்தில் வந்தது, எங்கே அனுப்பப்பட்டது, எதிர்ப்பக்கத்துச் சர்வர் என்ன பதில் சொன்னது என்பவற்றை வரிக்கு வரி காட்டும் அந்தப் பகுதி, சிபேனலின் மின்னஞ்சல் வசதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

ஏற்கெனவே அஞ்சல்பெட்டி உள்ள முகவரிக்கே ஃபார்வர்டரும் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் திரை போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. மடல் இரண்டு இடத்துக்கும் போகும்: ஒரு நகல் பெட்டியில் தங்கும், இன்னொன்று வெளியே செல்லும். காப்புநகலாக இது பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் யாரும் திறந்து பார்க்காத பெட்டி நாளடைவில் நிறைந்து, அதற்கு ஒதுக்கிய இட அளவான கோட்டாவைத் தொட்டுவிடும். நான் பராமரிக்கும் ஒரு கடையின் விசாரணை முகவரியில் இப்படித்தான் நேர்ந்தது. மடல்கள் கடைக்காரரின் ஜிமெயிலுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. எழுதியவர்களுக்கோ, பெட்டி நிறைந்துவிட்டதால் மடலைச் சேர்க்க முடியவில்லை என்ற அறிவிப்புத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மடலைப் படித்துவிட்டுக் கடைக்காரர் பதில் எழுத, மடலே சேரவில்லை என்று நினைத்து வாடிக்கையாளர் வேறு கடையைப் பார்த்துப் போக, இரண்டு தரப்பும் குழம்பின. ஃபார்வர்டு மட்டும் போதும் என்றால் அந்தப் பெயரில் பெட்டியே இருக்கக் கூடாது.

இனி, மடல் போய்ச் சேருமா என்ற கேள்வி. ஃபார்வர்டு செய்வது இன்று பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததுபோல் இல்லை. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று அந்த டொமைன் அறிவிக்கும் முறைக்கு எஸ்பிஎஃப் என்று பெயர். இதன் இன்றைய வரையறை 2014-இல் வெளியானது. ஒரு வங்கியின் மடல் நம் சர்வருக்கு வரும்போது அனுப்பியது வங்கியின் சர்வர் என்பதால் சோதனையில் தேறிவிடும். அதே மடலை நம் சர்வர் ஜிமெயிலுக்குத் தள்ளும்போதோ, வங்கியின் பட்டியலில் இல்லாத ஒரு சர்வர் வங்கியின் பெயரில் அனுப்புவதாகவே ஜிமெயிலுக்குத் தெரிகிறது. நாம் அப்பாவியாகச் செய்யும் காரியமும் ஓர் ஏமாற்றுக்காரன் செய்யும் காரியமும் அந்தச் சோதனையின் கண்ணுக்கு ஒன்றேதான்.

இதற்குத் தீர்வாக எஸ்ஆர்எஸ் என்ற முறை உள்ளது. உறையின் மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியை நம் டொமைனின் முகவரியாக மாற்றி, மூல முகவரியை அதற்குள்ளேயே மடித்து வைத்து அனுப்பும் உத்தி அது. மடலுக்குள் வாசகர் பார்க்கும் அனுப்புநர் வரி மாறாது. சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உறை மட்டுமே மாறும். சிபேனல் சர்வர்களில் இதற்கான விசை இருக்கிறது. ஆனால் அது சர்வர் நிர்வாகிக்கு மட்டும் திறக்கும் டபிள்யூஎச்எம் பகுதியில், எக்ஸிம் அமைப்புகளுக்குள் இருக்கிறது; இயல்புநிலையில் அணைக்கப்பட்டும் இருக்கிறது. எனவே பகிர்வு ஹோஸ்டிங் வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஆதரவுக் குழுவுக்கு எழுதிக் கேட்பது மட்டுமே. ஒரு நிறுவனத்தில் அந்தப் பெயரையே கேள்விப்படாத ஒருவர், உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி முயன்று பார்க்கும்படி எனக்குப் பதில் அனுப்பினார். இன்னொன்றில் அதே நாளில் இயக்கிக் கொடுத்தார்கள். ஹோஸ்டிங் வாங்குமுன் விற்பனைப் பிரிவிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது, அங்கே தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்பதை அறியவும் உதவும்.

எஸ்ஆர்எஸ் இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. டிமார்க் என்ற இன்னொரு சோதனை, வாசகர் பார்க்கும் அனுப்புநர் வரியில் உள்ள டொமைனோடு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (அனுப்பும் டொமைன் மடலில் இடும் மின்னணுக் கையொப்பம்) ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. உறையை நம் டொமைனுக்கு மாற்றிவிட்டதால் எஸ்பிஎஃப் தேறினாலும் டொமைன் ஒத்துப்போகாது. மூல அனுப்புநர் இட்ட டிகிம் கையொப்பம் ஒன்றுதான் அப்போது மடலைக் காப்பாற்றும். ஃபார்வர்டு ஆகும்போது மடலின் உள்ளடக்கம் மாறாமல் இருந்தால் கையொப்பம் செல்லுபடியாகும். ஆனால் சந்தேகத்துக்குரிய மடலின் தலைப்பில் ஸ்பேம் என்ற குறியை முன்னால் ஒட்டும் அமைப்பு சர்வரில் இயக்கத்தில் இருந்து, அது தவறுதலாக ஒரு நல்ல மடலைப் பிடித்துவிட்டால், தலைப்பு மாறி, கையொப்பமும் முறிந்து, மடல் மறுக்கப்படும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தன் விதிகளைக் கடுமையாக்கி, எல்லா அனுப்புநர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்றையும், ஒரு நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க் உட்பட மூன்றையும் கட்டாயமாக்கிய பிறகு, இந்தச் சிக்கல் ஏட்டளவில் இருந்த நிலை மாறி அன்றாடத் தொல்லையாகிவிட்டது. டிராக் டெலிவரியில் 550 5.7.26 என்ற எண்ணோடு ஒரு மறுப்பு தென்பட்டால், காரணம் இதுதான் என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

மறுப்பின் பின்விளைவு ஒன்று பலருக்கும் தெரியாது. ஜிமெயில் மறுத்ததும் எக்ஸிம் மூல அனுப்புநருக்கு, மடல் சேரவில்லை என்று அறிவிக்கும் ஒரு பவுன்ஸ் மடலை எழுதுகிறது. அதில், சேர முடியாத முகவரியாக நம் சொந்த ஜிமெயில் முகவரியும், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் இது இன்ன முகவரியிலிருந்து உருவானது என்று நம் டொமைன் முகவரியும் அச்சாகியிருக்கும். தனிப்பட்ட முகவரியை வெளியே காட்டக் கூடாது என்பதற்காகவே ஃபார்வர்டர் வைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. முகவரியை மறைப்பதுதான் முதன்மை நோக்கம் என்றால், சிபேனல் ஃபார்வர்டரை அதற்கு நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

ஸ்பேம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் முகவரிக்கு வரும் குப்பையை நாம் ஜிமெயிலுக்குத் தள்ளினால், ஜிமெயிலின் கணக்கில் அதை அனுப்பியது நம் சர்வர்தான். பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்தச் சர்வரின் முகவரியை நம்மோடு பகிர்ந்துகொள்ளும் மற்ற தளங்களின் பெயரும் சேர்ந்தே கெடுகிறது. டிஃபால்ட் அட்ரஸ் என்ற இன்னொரு திரையில், டொமைனில் இல்லாத எந்தப் பெயருக்கு மடல் வந்தாலும் அதை ஒரே இடத்துக்கு அனுப்பும்படி அமைக்க முடியும். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பெயர்களை ஊகித்து அனுப்பும் ஸ்பேமர்களுக்கு அது கதவை அகலத் திறந்து வைப்பதற்குச் சமம். அதைப் பிழைச்செய்தியோடு மறுக்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். எந்த மடல் போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தரம் பிரித்து அனுப்ப விரும்புபவர்களுக்கு, ஃபார்வர்டரைவிட ஈமெயில் ஃபில்டர்ஸ் பகுதி பொருத்தமானது. தலைப்பில் இன்ன சொல் இருந்தால், அல்லது இன்னார் அனுப்பியிருந்தால் மட்டும் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று அங்கே விதி எழுதலாம். ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அவசரமானவற்றை மட்டும் கைபேசியில் பார்க்கும் முகவரிக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டையே வாடிக்கையாளர்களுக்கு இப்போது அதிகம் பரிந்துரைக்கிறேன்.

இவற்றையெல்லாம் சரியாக அமைத்தும் ஒரு மடல்கூட வரவில்லை என்றால், பார்க்க வேண்டிய இடம், டொமைனுக்கு வரும் மடல்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு. அது கூகுளின் சர்வர்களையோ ஸோஹோவின் சர்வர்களையோ சுட்டிக்கொண்டிருந்தால், மடல்கள் சிபேனல் பக்கம் வரவே வராது. அங்கே எத்தனை ஃபார்வர்டர் வைத்தாலும் பயனில்லை. இதன் மறுதலையும் உண்டு. எம்எக்ஸ் வெளியே இருக்கும்போது சிபேனலின் ஈமெயில் ரூட்டிங் உள்ளூர் என்று அமைந்திருந்தால், அதே சர்வரில் இருக்கும் இணையதளத்தின் தொடர்புப் படிவம் அனுப்பும் மடல்கள் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றித் தொலைந்துபோகும். வெளியிலிருந்து வருபவை எல்லாம் வருகின்றன, படிவத்திலிருந்து வருபவை மட்டும் வரவில்லை என்ற புகாருக்கு முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாற்று வழிகளில் கிளவுட்ஃபிளேர் 2021-இல் அறிவித்த ஈமெயில் ரூட்டிங் சேவை, சிபேனலின் குறைகளில் முக்கியமானவற்றுக்கு விடை தருகிறது. சேரும் முகவரியின் உரிமையாளர் இணைப்பைச் சொடுக்கி ஒப்புக்கொண்ட பிறகே மடல் போகும், உறையை மாற்றி எழுதுவதை அதுவே செய்துகொள்ளும், விதிகளை நீக்காமலே திருத்தலாம், கட்டணமும் இல்லை. ஆனால் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மடலும் எந்தச் சர்வரில் உள்ளன என்று சொல்பவை) முழுவதையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், எம்எக்ஸ் பதிவும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆகவே சில முகவரிகளுக்குச் சிபேனலில் பெட்டியும் சிலவற்றுக்கு ஃபார்வர்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது ஒத்துவராது. தனிச் சர்வர் வைத்திருந்து எக்ஸிமைப் போன்ற இன்னொரு அஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைப் பயன்படுத்துபவர்கள், வர்ச்சுவல் என்ற கோப்பில் வரிகளை எழுதிப் போஸ்ட்மேப் கட்டளையை இயக்கி, எஸ்ஆர்எஸ் வேலையைச் செய்யும் போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற துணை நிரலையும் இணைத்தால் எல்லாவற்றையும் தாமே ஆளலாம். அந்தக் கோப்பில் குறிப்புகளும் எழுதிவைக்கலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்குச் சிபேனல் தராத பெரும் வசதி. ஃபார்வர்டே வேண்டாம், எளிய தனிப்பெட்டி போதும் என்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் அஞ்சல் சேவையையும் பரிசீலிக்கலாம்.

பதில் எழுதுவது என்ற பாதி வேலையை ஃபார்வர்டர் தொடுவதே இல்லை என்பதையும் வாங்குபவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு வந்த மடலுக்கு அங்கிருந்தே பதில் எழுதினால், அது ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போகும். டொமைன் முகவரியிலிருந்து போக வேண்டுமானால், ஜிமெயிலின் அமைப்புகளில் வேறு முகவரியாக அனுப்பும் வசதியில் சிபேனல் சர்வரின் பெயரையும், 465 அல்லது 587 என்ற போர்ட்டையும், ஒரு கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும்; கடவுச்சொல் வேண்டுமென்றால் அந்தப் பெயரில் ஒரு பெட்டி இருந்தாக வேண்டும். முன்பு சொன்ன கோட்டாத் தொல்லை மறுபடி தலைகாட்டும் இடம் இது. அத்தகைய பெட்டியில், தேங்கும் பழைய மடல்களை அவ்வப்போது அழிக்கும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும்.

ஹோஸ்டிங் மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய நல்ல அம்சம் ஒன்றும் சிபேனலில் உண்டு. பேக்கப் பகுதியில் கோப்புகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் கீழே, ஃபார்வர்டர்களை மட்டும் டொமைன் வாரியாகத் தரவிறக்கும் இணைப்பு இருக்கிறது. அதைப் புதிய கணக்கில் அதே இடத்தில் ஏற்றிவிட்டால் பட்டியல் முழுவதும் வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் அதை ஓர் உரைத்தொகுப்பியில் திறந்து, பயனற்ற வரிகளை நீக்கிவிடுவது நல்லது. மேலே சொன்னபடி திருத்தும் வசதி இல்லாத அந்தத் திரையில் ஒவ்வொன்றாக நீக்குவதைவிட இது எவ்வளவோ விரைவாக முடியும்.